இடதுகை, பெண், எப்பவும் லேட்: மூணுக்கும் சம்பந்தம் இருக்கா?

கேள்வி: எனக்கு 34 வயசு, நான் இடதுகைக்காரி, கணவர் வலதுகை. 10 நிமிஷத்துல ரெடி ஆயிடுவேன்னு நான் சொன்னா 25 நிமிஷம் ஆயிடும், அது எப்படி ஆகுதுன்னே எனக்கு தெரியறதில்ல. ஆனா எங்கயாவது வெயிட் பண்ணும்போது மட்டும் 5 நிமிஷம் அரை மணி நேரம் மாதிரி இழுக்கும். என் கணவர் எங்கயோ படிச்சிட்டு வந்து, பெண்களுக்கு நேர உணர்வு ஆண்களை மாதிரி இருக்காதாம், இடதுகைக்காரங்களுக்கும் வேற மாதிரியாம், நீ ரெண்டும் சேர்ந்த கேஸ்னு கிண்டல் பண்றார். முதல்ல சிரிச்சேன், இப்ப உண்மையிலயே சந்தேகமா இருக்கு. என் 6 வயசு பொண்ணும் இடதுகைதான், 3, 7 எல்லாம் திருப்பி எழுதுறா, கடிகாரம் பார்க்கவும் கஷ்டப்படறா. என் மூளையிலதான் ஏதாவது கோளாறா, அது அவளுக்கும் வந்திருக்கா?

பதில்: வணக்கம்மா. கோளாறு எதுவும் இருக்கிற மாதிரி உங்க லெட்டர்ல எனக்கு படல. உங்க கணவர் படிச்சதும் முழுக்க பொய்னு சொல்ல மாட்டேன், கைப்பழக்கத்துக்கும் நேர உணர்வுக்கும், ஆண் பெண் வித்தியாசத்துக்கும் நேர உணர்வுக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்குன்னு ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு. ஆனா அந்த சம்பந்தம் எவ்வளவு பெருசு, எந்த மாதிரி நேரத்துல அது தெரியுதுன்னு பார்த்தா, உங்க 10 நிமிஷம் 25 நிமிஷமா ஆகறதுக்கும் அதுக்கும் தொடர்பே இல்லைன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

நாம நேர உணர்வுன்னு பொதுவா சொல்றது உண்மையில ஒரே விஷயம் இல்ல. பார்க்க கண்ணு இருக்கு, கேட்க காது இருக்கு, நேரத்துக்குன்னு தனி உறுப்பு கிடையாது. ரெண்டு டிக் சத்தம் அடுத்தடுத்து வந்தா எது முதல்ல வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது ஒரு வேலை, இது மில்லிசெகண்ட் கணக்கு. தாளம் தப்பாம தட்டறது இன்னொரு வேலை, இதுல சிறுமூளைக்கு பெரிய பங்கு. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஆச்சான்னு உள்ளுக்குள்ள உணர்றது வேற, அதுக்கு கவனமும் ஞாபகமும் சேர்ந்து வேலை செய்யணும், மூளையோட வலது முன்பக்கம் அதிகமா ஈடுபடுது. இந்த வேலைய முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு முன்கூட்டியே சொல்றது இதெல்லாத்தையும் விட தனி, அது கடிகாரம் சம்பந்தப்பட்டதே இல்ல, கணிப்பு. ஒண்ணுல கெட்டிக்காரங்களா இருக்கறவங்க இன்னொண்ணுல சொதப்பலாம். உங்க கணவர் படிச்ச கட்டுரை மேல சொன்னதுல ஏதோ ஒண்ண பத்தி பேசியிருக்கும், அதைக் கொண்டு வந்து கடைசியா சொன்னதுல ஒட்ட வைக்கறார், அங்கதான் தப்பு.

முதல்ல கை. 1963ல ராபர்ட் எஃப்ரான்ங்கற நரம்பியல் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை பண்ணினார், உங்க கேள்விக்கு நேரடியா பொருந்துற பழைய ஆராய்ச்சி இது. உடம்போட இடது பக்கமும் வலது பக்கமும் ரெண்டு தூண்டல் குடுத்து, ரெண்டும் ஒரே நேரத்துல வந்துச்சா முன்ன பின்ன வந்துச்சான்னு கேட்டார். வலதுகைக்காரங்களுக்கு ரெண்டும் ஒண்ணா வந்த மாதிரி தெரியணும்னா, இடது பக்கத்து தூண்டலை சில மில்லிசெகண்ட் முன்னாடியே குடுக்க வேண்டியிருந்துச்சு. இடது பக்கத்து செய்தி முதல்ல வலது பாதி மூளைக்கு போய், அங்கேர்ந்து இடது பாதிக்கு தாண்டி வர்ற நேரம் அதுன்னு அவர் விளக்கம் சொன்னார், அதாவது எது முன்ன எது பின்னன்னு தீர்மானிக்கற இடம் பேச்சு இருக்கிற இடது பாதியிலதான் இருக்குன்னு. இடதுகைக்காரங்க கிட்ட அப்படி ஒரே மாதிரி வரல, ஆளுக்கு ஆள் மாறிச்சு. இது ஆச்சரியமும் இல்ல, ஏன்னா இடதுகைக்காரங்க மூளை வலதுகைக்காரங்க மூளையோட கண்ணாடி பிம்பம் கிடையாது. 2000ல வந்த ஒரு ஆய்வுல, உறுதியான வலதுகைக்காரங்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் பேச்சு வலது பாதியில இருந்துச்சு, உறுதியான இடதுகைக்காரங்கள்ல அது சுமார் 27 சதவீதம். அப்ப மீதி, கிட்டத்தட்ட முக்கால்வாசி இடதுகைக்காரங்களுக்கும் பேச்சு மத்தவங்களை மாதிரி இடது பாதியிலதான். அதனால இடதுகைன்னு ஒரு லேபிளை மட்டும் வச்சு உங்க மூளை இப்படித்தான் இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

எல்லாத்துக்கும் மேல, இங்க பேசறது சில மில்லிசெகண்ட். ஒரு செகண்டை ஆயிரமா பிரிச்சு அதுல ஒரு சில பங்கு. நீங்க லேட் ஆகறது 15 நிமிஷம்மா.

கைப்பழக்கத்தை பத்தி உறுதியா பேச முடியாம போறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, இது எங்க துறைக்குள்ள இருக்கற ஒரு சோம்பேறித்தனம்னே சொல்வேன். மூளை ஆராய்ச்சிகள்ல ரொம்ப காலமா இடதுகைக்காரங்களை முதல்லயே கழிச்சு விட்டுடுவாங்க, முடிவுகள் கலைஞ்சு போகுமேன்னு. சேர்த்துக்கிட்டாலும் எண்ணிக்கை இடிக்கும். 20 லட்சத்துக்கு மேல மக்களோட தகவலை சேர்த்துப் பார்த்த 2020 தொகுப்பாய்வு ஒண்ணுல இடதுகைக்காரங்க 10.6 சதவீதம்னு வந்துச்சு. பெண்கள்ல 10 பேர் இடதுகைன்னா அதே எண்ணிக்கை ஆண்கள்ல சுமார் 12 பேர் இருப்பாங்க, இதுவும் பெரிய தொகுப்புகள்ல திரும்பத் திரும்ப வந்த விஷயம். இப்ப யோசிங்க, ஒரு சோதனைக்கு 100 பேர் வந்தா அதுல பாதி பெண்கள், அந்த 50 பேர்ல இடதுகை நாலஞ்சு பேர். அந்த நாலஞ்சு பேரை வச்சு இடதுகைப் பெண்களுக்கு நேரம் இப்படித்தான் ஓடும்னு யாராவது தலைப்பு போட்டா, அன்னிக்கு அதுல ஒருத்தங்களுக்கு சரியா தூக்கம் இல்லைன்னா கூட முடிவே மாறிடும். நீ ரெண்டும் சேர்ந்த கேஸ்ங்கறார் உங்க கணவர், அந்த ரெண்டும் சேர்ந்த கேஸை பத்தித்தான் எல்லாத்தையும் விட குறைவா தெரியும்னு அவர்கிட்ட சொல்லுங்க. இன்னொண்ணு, இடதுகை வலதுகைன்னு ரெண்டே பெட்டிகள் கிடையாது. 1971ல ஓல்ட்ஃபீல்ட் வெளியிட்ட, இன்னும் பல லேப்ல உபயோகப்படுத்தற கேள்வித்தாள்ல எழுதறது, பந்து எறியறது, கத்திரிக்கோல் பிடிக்கறதுன்னு 10 வேலை கேட்டு மார்க் போடுவாங்க, நடுவுல விழறவங்க நிறைய பேர்.

இனி ஆண் பெண் விஷயம். இது புது ஆராய்ச்சின்னு நினைக்க வேண்டாம், 1904லயே ராபர்ட் மெக்டூகல் இதை பத்தி எழுதியிருக்கார், அப்பவே பெண்கள் நேரத்தை கூட்டிச் சொல்றாங்கன்னு பேச்சு. 2000ல பிளாக், ஹான்காக், ஸகாய்னு மூணு பேர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்து ஒரு தொகுப்பாய்வு பண்ணினாங்க. பெண்கள் சராசரியா கொஞ்சம் அதிக நேரம் ஆனதா உணர்றாங்கன்னு வந்துச்சு, ஆனா வித்தியாசம் சின்னது, அதுவும் எப்படி கேட்டாங்கங்கறதை பொறுத்து மாறுது. இந்த எப்படி கேட்டாங்கங்கறது இருக்கே, அதுலதான் மொத்த குழப்பமும், அதனால இதை கொஞ்சம் பொறுமையா படிங்க.

நமக்குள்ள ஒரு குழாய் சொட்டு சொட்டா சொட்டிக்கிட்டே இருக்கு, கீழ ஒரு பக்கெட், பக்கெட்ல எவ்வளவு தண்ணி சேர்ந்திருக்குன்னு பார்த்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மனசு சொல்லுதுன்னு வச்சுக்குங்க. 1963ல டிரைஸ்மன் சொன்ன மாடலும் அதுக்கப்புறம் கிப்பன் 1977ல கணக்கா எழுதின மாடலும் சுருக்கமா இதுதான். இப்ப ஒருத்தருக்கு சொட்டு வேகமா விழுதுன்னா என்ன ஆகும்? கண்ண மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் ஆனதும் நிறுத்துங்கன்னு சொன்னா அவர் 45 செகண்டுலயே நிறுத்திடுவார், ஏன்னா பக்கெட் அதுக்குள்ள நிறைஞ்சிடுச்சு. அதே ஆள்கிட்ட நிஜமா 60 செகண்ட் ஓடவிட்டு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா 80னு சொல்வார். பாருங்க, ஒரே ஆள், ஒரே வேக கடிகாரம், ஒரு முறையில கேட்டா குறைச்சுக் காட்டறார், இன்னொரு முறையில கேட்டா கூட்டிச் சொல்றார். ஒரு கட்டுரை பெண்கள் நிமிஷத்தை சுருக்கிடறாங்கன்னு எழுதும், இன்னொரு கட்டுரை பெண்கள் நிமிஷத்தை நீட்டிடறாங்கன்னு எழுதும், படிக்கறவங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு முரண்பாடா தெரியும், ஆனா ரெண்டும் ஒரே சேதியா இருக்கலாம். இதை கவனிக்காம எழுதற செய்திகள் ஏராளம், எனக்கு எரிச்சல் வர்ற இடமும் இதுதான்.

அந்த சொட்டு வேகமும் பிறவியிலேயே பூட்டி வச்சது இல்ல. 1930கள்ல ஹட்சன் ஹோக்லண்ட்னு ஒரு விஞ்ஞானி, அவர் மனைவி காய்ச்சல்ல படுத்திருந்தப்ப கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வந்தார், அவங்க நீங்க போய் ரொம்ப நேரம் ஆச்சுன்னு சாதிச்சாங்க. இவர் விஞ்ஞானியாச்சே, சண்டை போடாம ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டு வந்து ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லி பார்த்தார், காய்ச்சல் ஏற ஏற அவங்க நிஜ நிமிஷத்துக்கு ரொம்ப முன்னாடியே எண்ணி முடிச்சாங்க. (காய்ச்சல்ல படுத்திருக்கற மனைவிய எண்ணச் சொன்ன மனுஷனை பத்தி நான் கருத்து சொல்லல.) உடம்பு சூடு, மூளையில டோபமைன்ங்கற ரசாயனத்தோட அளவு, பயம், தூக்கக் குறைவு, வயசு எல்லாம் இந்த வேகத்தை அசைக்கும். ஒரே ஆளுக்கு காலையில ஒரு கணக்கு, ராத்திரி ஒரு கணக்கு வரும்போது, ஆண் பெண் சராசரிக்கு நடுவுல இருக்கற சின்ன இடைவெளிய வச்சு ஒரு குறிப்பிட்ட ஆணையும் ஒரு குறிப்பிட்ட பெண்ணையும் எப்படி எடை போடறது? மில்லிசெகண்ட் பக்கமும் ஒரு வித்தியாசம் சொல்லியிருக்காங்க, ரெண்டு டிக் சத்தத்துல எது முதல்ல வந்துச்சுன்னு பிரிச்சு சொல்ல பெண்களுக்கு சராசரியா கொஞ்சம் அதிக இடைவெளி தேவைப்பட்டுச்சுன்னு 2003ல ஒரு ஆய்வு, ஆனா அதுவும் கண்ணிமைக்கற நேரத்துக்கும் கீழ நடக்கற சமாச்சாரம், அதை வச்சு வீட்ல சண்டை போட வழியில்ல.

வெயிட் பண்ணும்போது மட்டும் நேரம் இழுக்குதுன்னு எழுதியிருந்தீங்க, அது இடதுகைக்கும் வலதுகைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. வெயிட் பண்ணும்போது உங்க கவனம் முழுக்க நேரத்து மேலதான் இருக்கு, ஒரு சொட்டு விடாம எண்ணறீங்க. கிளம்பற நேரத்துல சாவி எங்க, பொண்ணோட ஷூ எங்க, சார்ஜர் எடுத்தாச்சான்னு ஓடும்போது கவனம் சிதறிப் போய் பாதி சொட்டு கணக்குலயே வரல, அதனால 25 நிமிஷம் 10 நிமிஷம் மாதிரி ஓடிடுது. ஒரே ஆளுக்குள்ள இந்த ரெண்டும் இருக்கறது முரண்பாடே இல்ல, ஒரே எந்திரம் ரெண்டு நிலைமையில வேலை செய்யறது அது.

சரி, லேட் விஷயத்துக்கு வர்றேன். 10 நிமிஷத்துல ரெடி ஆயிடுவேன்னு நீங்க சொல்றது நேரத்தை உணர்றது இல்ல, இன்னும் நடக்காத ஒண்ணை கணிக்கறது. இதுல மனுஷ இனமே மோசம். 1979லயே கானமன், ட்வெர்ஸ்கிங்கற ரெண்டு உளவியலாளர்கள் இதுக்கு திட்டமிடல் பிழைன்னு பேர் வச்சுட்டாங்க. 1994ல பியூலர், கிரிஃபின், ராஸ் மூணு பேரும் கடைசி வருஷ மாணவர்கள்கிட்ட உங்க ஆய்வறிக்கைய எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு சொன்னாங்க, ஆனது 55 நாளுக்கு மேல. சொன்ன நாளுக்குள்ள முடிச்சவங்க 30 சதவீதம் பேர்தான். காரணம் என்னன்னு தோண்டினப்போ, கணிக்கும்போது யாரும் போன தடவை எவ்வளவு ஆச்சுன்னு யோசிக்கறதே இல்ல, இந்த தடவை எல்லாம் ஒழுங்கா நடக்கற ஒரு காட்சிய மனசுல ஓட்டிப் பார்த்து அதோட நீளத்தை சொல்றாங்க. போன அனுபவத்தை இந்த வேலையோட சேர்த்து வச்சு யோசிக்கச் சொன்னா பிழை குறைஞ்சுது. அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் வந்துச்சு, அடுத்தவங்க வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா இந்த நப்பாசை காணாம போயிடுது. அதனாலதான் உங்க 10 நிமிஷம் பொய்னு உங்க கணவருக்கு பளிச்சுனு தெரியுது, இந்த வாரம் முடிச்சிடறேன்னு அவர் சொல்லி மாசக்கணக்கா கிடக்கற வேலை எதுவும் அவர் கண்ணுக்கு தெரியாது. ஒண்ணு ரெண்டு இருக்கும், தேடிப் பாருங்க.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த ரெண்டு வாரம் கிளம்ப ஆரம்பிச்ச நேரத்தையும் கதவை பூட்டின நேரத்தையும் ஃபோன்ல குறிச்சு வைங்க, அதுக்கப்புறம் யாராவது கேட்டா மனசை கேட்காம அந்த குறிப்பை பார்த்து பதில் சொல்லுங்க. அலாரத்தை போய்ச் சேர வேண்டிய நேரத்துக்கு வைக்காம கிளம்ப ஆரம்பிக்கற நேரத்துக்கு வைங்க. ரெடி ஆகற ரூம்ல முள்ளு கடிகாரம் ஒண்ணு கண்ணுல படற மாதிரி மாட்டுங்க, ஏன்னா கவனம் சிதறும்போது உள்ள இருக்கற கடிகாரத்தை நம்ப முடியாது. உங்க பக்கமும் ஒரு பொறுப்பு இருக்குன்னு சொல்லத்தான் வேணும், 10 நிமிஷம் தப்புன்னு தெரிஞ்சும் 10 நிமிஷம்னே சொல்றது காத்திருக்கறவருக்கு நியாயம் இல்ல.

வீட்லயே ஒரு விளையாட்டும் பண்ணிப் பார்க்கலாம், இதை முக்கியமா உங்க கணவருக்காக சொல்றேன். ஒருத்தர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க, இன்னொருத்தர் கண்ண மூடி ஒரு நிமிஷம் ஆச்சுன்னு தோணும்போது நிறுத்தச் சொல்லணும். மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக் கூடாது, எண்ணிட்டா அது வேற சோதனை, அதனால வாய்விட்டு ஏதாவது பத்திரிகை படிச்சுக்கிட்டே செய்யச் சொல்லுங்க. அப்புறம் மாத்தி, 40லேர்ந்து 90 செகண்டுக்குள்ள எங்கயாவது நிறுத்திட்டு எவ்வளவு ஆச்சுன்னு கேளுங்க. காலையில, ராத்திரி, பசியில, டயர்டா இருக்கும்போதுன்னு வேற வேற சமயத்துல பல தடவை பண்ணுங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை விட, உங்களுக்குள்ளயே ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் பெருசா இருந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

லேட் ஆகறதோட சேர்த்து, சின்ன வயசுலேர்ந்தே ஆரம்பிச்ச வேலைய முடிக்க முடியாம போறது, பொருளை தொலைக்கறது, ஒரு பேச்சை கடைசி வரை கவனிக்க முடியாம இருக்கறதுன்னு எல்லாம் இருந்து வேலையும் வீடும் பாதிக்குதுன்னா, கவனக்குறைபாடு, அதாவது ஏடிஹெச்டி இருக்கான்னு ஒரு மனநல டாக்டர்கிட்ட பார்க்கலாம், அதுல நேரத்தை கையாள்றது நிஜமாவே கஷ்டம்தான், பெண்களுக்கு அதை லேட்டா கண்டுபிடிக்கறதும் நடக்குது. உங்க லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல.

உங்க பொண்ணு விஷயத்துல கவலையே வேண்டாம். எழுத்தையும் நம்பரையும் கண்ணாடியில பார்க்கற மாதிரி திருப்பி எழுதறது 5, 6 வயசுல வலதுகைக் குழந்தைகள்கிட்டயும் சர்வசாதாரணம், இதை கைப்பழக்கத்தோட முடிச்சு போட முடியாது. அவ 3, 7ஐ குறிப்பா திருப்பறதுக்கு காரணம், அந்த நம்பர்கள் இடது பக்கம் பார்த்து நிக்கறது. எழுதறதே வலது பக்கம் நகர்ற வேலையா இருக்கறதால எல்லாமே அந்தப் பக்கம் பார்க்கணும்னு குழந்தைங்க மனசு தானா ஒரு விதி போட்டுக்குது, அதனால 2, 3, 7, 9 எல்லாம் மாட்டிக்கும். இடதுகைங்கறதால அவளுக்கு காலம் தலைகீழா ஓடும்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க. நேத்து, இன்னிக்கு, நாளைக்குங்கறதை மனசுல எந்தப் பக்கம் வரிசையா அடுக்கறோம்ங்கறது பெரும்பாலும் படிக்கற திசையிலேர்ந்து வருது. 1991ல பார்பரா ட்வெர்ஸ்கியும் கூட இருந்தவங்களும் குழந்தைங்க கிட்ட ஒரு நாளோட சாப்பாட்டு நேரங்களை வரிசையா ஒட்டச் சொன்னப்போ, இங்கிலீஷ் படிக்கறவங்க இடதுலேர்ந்து வலதா ஒட்டினாங்க, அரபி படிக்கறவங்க வலதுலேர்ந்து இடதா ஒட்டற பக்கம் சாஞ்சாங்க. உங்க பொண்ணு எந்தக் கையால எழுதினாலும் படிக்கறது மத்தவங்க படிக்கற அதே திசையிலதான்.

கடிகாரம் பார்க்கறது 6 வயசுக்கு கஷ்டமான பாடம். ஒரே வட்டத்துல ரெண்டு முள்ளு, பெரிய முள்ளு 3ல இருந்தா 15னு படிக்கணும், ஐஞ்சைஞ்சா எண்ணத் தெரியணும், அது வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். இப்போதைக்கு சின்ன முள்ளை மட்டும் படிக்கச் சொல்லிக் குடுங்க, பெரிய முள்ளை அப்புறம் பார்த்துக்கலாம். திருப்பி எழுதறது 8 வயசு தாண்டியும் நிறைய இருந்து, கூடவே படிக்கறதுலயும் திணறினா மட்டும் ஸ்கூல்ல டீச்சரை கேட்டுட்டு ஒரு குழந்தை உளவியலாளர்கிட்ட காட்டுங்க. கையை மட்டும் யார் சொன்னாலும் மாத்தாதீங்க.